வளைவில் முரண்டு பிடிக்கும் ஜீப்: பட்டையை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கொல்லிமலைக்குச் செல்லும் பாதை ஒன்றில் 70 வளைவுகள் உள்ளன. இத்தகைய பகுதிகளில் ஏலம், மிளகு, காபி, வாழை பயிரிடும் சிறு விவசாயிகள் பலருக்கு இன்றும் கைகொடுப்பது பழைய ஜீப்தான். உரமும் விளைபொருளும் மட்டுமல்ல, வேலையாட்களும் அதில்தான் போய் வருகின்றனர். எனவே வளைவில் வண்டி சரியாகத் திரும்பவில்லை என்றால், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலும், வளைவில் விலகிப் போனாலும், "பட்டை போய்விட்டது" என்று முடிவு கட்டி உடனே புதிய ஸ்பிரிங் பட்டை போடுவது வழக்கமாக இருக்கிறது. இலை மஞ்சளானவுடன் யூரியா இடுவதைப் போன்றது இது. வேரில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பாராமல் இட்ட உரம் வீண். அதுபோலவே காரணம் அறியாமல் மாற்றிய பட்டையும் வீண். செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்து, பிறகு பட்டறைக்குச் செல்வதே முறை. இதற்கு ஓர் அளவு நாடா, ஒரு ஜாக்கி, உதவிக்கு ஓர் ஆள் போதும்.

காற்றும் பாரமும்

காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். காற்று குறைந்த டயர் வளைவில் மடங்கிக் கொடுக்கும், ஸ்டீயரிங் மந்தமாகும். இடமும் வலமும் காற்று வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது பாரம். மூட்டைகளைக் கூரை மேல் அடுக்கினால் வண்டியின் சாய்வு அதிகமாகும். பின் அச்சுக்கும் பின்னால் பாரம் தொங்கினால் முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமாகவே ஓடும். கனமான மூட்டைகள் தாழ்வாகவும், பின் அச்சுக்கு முன்னாலும் இருப்பது நலம்.

ஃபோர் வீல் லிவர்

தார்ச்சாலை வளைவில் ஸ்டீயரிங் கனத்து, டயர் தேய்ந்து கிறீச்சிட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஃபோர் வீல் லிவரை. போரடிக்கும்போது பிணையலில் வெளிப்பக்க மாடு அதிக தூரம் நடக்கிறது. உள்பக்க மாடு குறைவாக நடக்கிறது. ஜீப் திரும்பும்போதும் அப்படியே. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. ஆனால் ஃபோர் வீல் போட்டதும் பழைய ஜீப்களில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பிணைக்கப்படுகின்றன. சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் டயர் சற்று வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. எனவே ஷாஃப்ட்டுகளும் பற்சக்கரங்களும் முறுக்கேறுகின்றன, லிவரும் பிடித்துக்கொள்கிறது.

அப்போது லிவரை உதைத்தோ அடித்தோ எடுக்கக் கூடாது. வண்டியைச் சிறிது தூரம் நேராகப் பின்னோக்கி ஓட்டினால் முறுக்குத் தளர்ந்து லிவர் விடுபடும். சேறும் தளர்ந்த மண்ணும் தாண்டித் தார்ச்சாலை ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிட வேண்டும். முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புது டயருமாகப் போட்டிருந்தாலும் இதே முறுக்கு ஏற்படும். எல்லா நேரமும் நான்கு சக்கரமும் இயங்கும்படி அமைக்கப்பட்ட புதிய வண்டிகளுக்கு இது பொருந்தாது.

நாடாவால் அளத்தல்

பாரம் இறக்கிய வண்டியைச் சமதளமான சிமெண்டுக் களத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். ஒரே அச்சின் இடத்துக்கும் வலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பக்கப் பட்டையைச் சந்தேகிக்கலாம். பட்டைகளைத் துடைத்துப் பார்த்தால், உடைந்த இடத்தில் துருக்கோடு தெரியும்.

பிறகு ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருத்தல் அவசியம். வித்தியாசம் இருந்தால் யு போல்ட் தளர்ந்தோ, பட்டைகளைக் கோத்துள்ள சென்டர் போல்ட் முறிந்தோ அச்சு நகர்ந்திருக்கிறது என்று பொருள். இத்தகைய வண்டி நண்டுபோல் ஒருச்சாய்ந்து ஓடும். ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி, மறுபக்கம் திரும்ப மறுக்கும். இதற்குப் புதுப் பட்டை தேவையில்லை. போல்ட்டை மாற்றி, அச்சை அதன் இடத்தில் அமர்த்தினால் போதும்.

ஷாக் அப்சார்பர்

மேடுபள்ளத்தில் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலை செய்வது சூடாக இருக்கும். மற்றவை சூடேறியிருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செயலற்றுவிட்டது. எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலும் மாற்றியாக வேண்டும். ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

சக்கர ஆட்டம்

முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, அச்சின் கீழ் உறுதியான தாங்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். இடமும் வலமும் அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டுகளைக் கவனிக்க வேண்டும்.

கூடுதல் பட்டை வேண்டாம்

அதிக மூட்டை ஏற்றுவதற்காகப் பின்னால் ஒன்றிரண்டு பட்டை கூட்டிப் போடுவோர் உண்டு. பாரத்தோடு போகும்போது இதன் கெடுதல் தெரியாது. காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் விறைத்துத் துள்ளும். மழை நனைந்த வளைவில் பின் சக்கரங்கள் வெளியே இழுத்துக்கொண்டு போகும். வண்டியின் உயரமும் கூடுவதால் கவிழும் அபாயம் மிகும். ஒரே நடையில் கொண்டு வருவதை இரண்டு நடையாகக் கொண்டு வருவதே சிக்கனம்.

கீச்சொலி போகட்டும் என்று பட்டைகளின் மேல் டீசலும் கழிவு எண்ணெயும் அடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ரப்பர் புஷ்கள் இதனால் ஊறிக் கெடும். புஷ் தேய்ந்தால் வளைவில் அச்சு ஆடும். சேற்றைத் தண்ணீரால் கழுவிவிட்டு, கிரீஸ் நிப்பிள் உள்ள ஷேக்கிள் பின்களுக்கு மட்டும் கிரீஸ் அடித்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு பட்டைதான் குறை என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றலாம். மாற்றிய வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டுகளை மீண்டும் முறுக்கிவிட மறக்கக் கூடாது. அறுவடை தொடங்குமுன் ஒரு காலைப் பொழுதை இச்சோதனைக்கு ஒதுக்கினால், வீண் செலவும் மலைப்பாதையில் நேரக்கூடிய விபத்தும் தவிர்க்கப்படும்.