தண்ணி குடிக்காத பகல்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு ஊருக்குள் போகும் பெண்கள் பலர் காலையில் ஒரு டீயோடு நிறுத்திக்கொள்வார்கள். தண்ணி குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது. மதியம் நீர்க்கடுப்பு வந்தால் "சூடு பிடிச்சிருக்கு" என்று மோர் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். சிதம்பரத்தில் ஜவுளிக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கும் இதே கணக்குதான். மாதவிலக்கு நாளென்றால் பகல் முழுக்க ஒரே நாப்கின்.

"நிறையத் தண்ணி குடிங்க, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க" என்று சொல்லித்தருவது சரியான பாடம்தான். அதோடு நிறுத்தினால், கேட்கும் பெண் தன்னையே நொந்துகொள்வாள். பெண்ணின் சிறுநீர்த் தாரை வெறும் நாலு சென்டிமீட்டர், கிருமி எளிதில் ஏறிவிடும், அடிக்கடி சிறுநீர் போனால்தான் அது வெளியேறும் என்று காரணத்தோடு சொல்லிப் பாருங்கள். கோளாறு தன் உடம்பில் இல்லை, கழிப்பறை இல்லாத மார்க்கெட்டில் இருக்கிறது என்பது அவளுக்கே விளங்கிவிடும்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. கொண்டுவந்த அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன், இதே கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி தொகுதிக்காரர். நாள் முழுக்க நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைப்பதை "நம்ம வாகு அப்படி" என்று விட்டிருந்த பெண்ணுக்கு, அந்த ஸ்டூலை விடப் பெரிய சுகாதாரப் பாடம் எது?

வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற இடம்தான் இன்னும் கஷ்டம். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பார்த்தால், சந்தேகப்பட வேண்டிய இடம் வெளுத்துக் காட்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததற்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் அந்த முடிவு வெளியானது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் அந்தப் புற்றுநோய்க்கான சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். வெள்ளைப்படுதலை "பொம்பளைன்னா இருக்கிறதுதானே" என்று பொறுத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு பக்கம். சோதனைக்குப் போனால் அன்றைய கூலியும் போகும் என்பது இன்னொரு பக்கம்.

கூடை காலியாகும் நேரம் பார்த்து, நர்ஸ் ஒருவர் மீன் மார்க்கெட்டுக்கே வந்து அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசட்டும். பேச்சு முடியும்போது ஒரு சொம்புத் தண்ணியும், பக்கத்திலேயே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் இருக்கட்டும்.