விளையாட்டுக்கும் ஒரு மாடி

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில், இருபுறமும் உள்ள வீடுகளின் உச்சியைக் கவனித்துக்கொண்டே செல்லுங்கள். பல வீடுகளின் மொட்டை மாடியில், தூண்கள் முடியும் இடங்களில், இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். இப்போது கீழ்த்தளத்துக்குத்தான் பணம் இருந்தது. மாடியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்தவை அவை. புதுக் கம்பி பழைய கம்பியோடு சேர்ந்து சுமையைத் தாங்க வேண்டுமானால், இரண்டும் குறிப்பிட்ட நீளத்துக்கு ஒட்டி நிற்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு அந்த நீளம் ஏறத்தாழ இரண்டடி.

கணிப்பொறி விளையாட்டுகளைப் பொழுதுபோக்காக உருவாக்கும் மாணவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. விளையாட்டை வெளியிட்ட பிறகு சேர்க்கப்போகும் புதிய நிலைகளையும் பாத்திரங்களையும் முன்கூட்டியே திட்டமிட்டு வைக்கலாமா? கம்பி விடலாம், சுவர் எழுப்பக்கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஆடுபுலி ஆட்டம் நீங்கள் அறிந்ததே. 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடுகள் கூடிப் புலிகளை நகரவிடாமல் அடைக்கும். இதை நீங்கள் கைப்பேசி விளையாட்டாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி வேலை முடிந்த ஓர் இரவில், "வெளியிட்ட அடுத்த மாதம் இதில் ஓர் இராஜபாளையம் நாயையும் சேர்ப்போம், அது ஆடுகளைக் காக்கும்" என்று தோன்றுகிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் நாயைப் புலி தாண்டலாமா? நாய் எத்தனை புள்ளி நகரும்? நாய் வழியை மறித்ததால் நகர முடியாத புலி, அடைபட்ட புலியாகக் கணக்கில் வருமா? ஆடுகளுக்கு இவ்வளவு பாதுகாப்பு வந்துவிட்டால் 15 ஆடு என்ற எண்ணிக்கை இனிப் பொருந்துமா? ஒரே ஒரு காயைச் சேர்த்தோம். பல தலைமுறையாக விளையாடிச் சரிப்பட்ட சமநிலை முழுவதையும் மறுபடி ஆராய வேண்டியதாயிற்று.

இதை ஒரு சிறு கணக்காகவும் காட்டலாம். விளையாட்டில் ஒன்றையொன்று பாதிக்கும் பொருள்கள் 20 இருந்தால், அவற்றில் இரண்டிரண்டாகச் சேரக்கூடிய இணைகள் எத்தனை? 20ஐ 19ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 190. இன்னும் ஐந்தே பொருள்களைச் சேருங்கள். இணைகள் 300 ஆகிவிடும். பொருள்கள் கால் பங்குதான் கூடின. சோதிக்க வேண்டியவையோ பாதிக்கும் மேல் கூடிவிட்டன. ஓர் இணையைச் சோதிக்க இரண்டு நிமிடம் என்றாலும், 300 இணைகளுக்குப் பத்து மணி நேரம். ஏதேனும் ஒரு விதியைத் திருத்தினால் மீண்டும் பத்து மணி நேரம். பகலெல்லாம் வகுப்பிலோ மில்லிலோ கழித்துவிட்டு இரவில் ஒன்றரை மணி நேரம் உட்காரும் ஒருவருக்கு இது ஒரு வார வேலை. பொழுதுபோக்காகத் தொடங்கிய விளையாட்டு முடியாமலே நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

அப்படியானால் பெயர் பெற்ற விளையாட்டுகள் எப்படி வளர்ந்தன என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்ற சிறு குழு, 2014இல் பொதுமக்களிடம் 57,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல் திரட்டி, ஹாலோ நைட் என்ற விளையாட்டை 2017இல் வெளியிட்டது. பணம் திரட்டும்போதே, ஹார்னெட் என்ற பாத்திரமாகவும் ஆடும் வசதியைப் பின்னர் தருவதாக வாக்களித்திருந்தது. அந்தக் கூடுதல் பகுதி வளர்ந்துகொண்டே போய், 2019இல் சில்க்சாங் என்ற தனி விளையாட்டாக அறிவிக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 4ஆம் நாள்தான் வெளிவந்தது. முதல் விளையாட்டு நன்றாக விற்றிருந்ததால் அக்குழுவால் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிந்தது. பருவத் தேர்வுகளுக்கு நடுவே வேலை செய்யும் உங்களால் முடியுமா?

அமெரிக்காவின் எரிக் பரோன் தனி ஒருவராகச் சுமார் நாலரை ஆண்டுகள் உழைத்து 2016இல் ஸ்டார்டியூ வேலியை வெளியிட்டார். 2024இல்கூட அதற்கு ஒரு பெரிய இலவசச் சேர்க்கையை வழங்கினார். ஆனால் முதலில் வந்ததே தன்னளவில் முழுமையான விளையாட்டு என்பதை மறந்துவிடக்கூடாது. கீழ்த்தளத்தில் குடிபுகுந்த பிறகு எழும்பிய மாடி அது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம், 2023 ஜூலை 31இல் வெண்பா என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விட்டுப்போன படிகளை ஊகித்து, இட்லி, புட்டு என்று சமைக்க வேண்டும். ஒரே மாலையில் ஆடி முடித்துவிடலாம்! இன்னும் சற்று நீளமாக இருந்திருக்கலாமே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. ஆனால் 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதல் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுக விளையாட்டுக்கு வழங்கும் விருதும் இதற்கே கிடைத்தன. இன்னும் பத்துப் பதார்த்தங்கள் சேர்த்திருந்தால் கதை நீர்த்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, கம்பி விடுவது எப்படி?

நிரலையும் தரவையும் பிரித்து வையுங்கள். ஆடுபுலியின் 23 புள்ளிகளையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், வேறு பலகைக்கு நிரலையே திருத்த வேண்டிவரும். எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு கோட்டால் இணைகிறது என்ற பட்டியலைத் தனிக் கோப்பில் வைத்தால், புதிய பலகை என்பது புதிய பட்டியல், அவ்வளவே. 1993இல் வந்த டூம் விளையாட்டில் வரைபடங்களையும் ஒலிகளையும் இப்படித்தான் நிரலுக்கு வெளியே தனிக் கோப்பில் வைத்தார்கள். அதனால் ஆர்வலர்கள் தாங்களே புதிய நிலைகளை உருவாக்கிச் சேர்க்க முடிந்தது, இன்றும் சேர்க்கிறார்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தும்போது அதன் நிலை ஒரு கோப்பில் எண்களின் வரிசையாகச் சேமிக்கப்படுகிறது: முதலில் புலிகளின் இடங்கள், அடுத்து ஆடுகளின் இடங்கள், பிறகு யாருடைய முறை என்பது. நாயைச் சேர்த்த புதிய நிரலோ, ஆடுகளுக்கு அடுத்து நாயின் இடத்தை எதிர்பார்க்கும். பழைய கோப்பைத் திறந்தால், யாருடைய முறை என்ற எண்ணையே நாயின் இடமாக எடுத்துக்கொள்ளும். ஆட்டம் குழம்பும், அல்லது நின்றே போகும். இதற்கு மருந்து எளிது. கோப்பின் தொடக்கத்தில் பதிப்பு எண் ஒன்றை எழுதிவிடுங்கள். 1 என்று கண்டால் நாய் இல்லாத பழைய வரிசையில் படிக்க வேண்டும் என்று நிரலுக்குத் தெரிந்துவிடும். வெளியிடும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மணி நேரம் பிடித்தால் அதிகம்.

கம்பியைத் திறந்தபடி விட்டாலும் ஆபத்துண்டு. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். உள்ளே புகுந்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். "பின்னால் பயன்படும்" என்று எழுதி வைத்த அரைகுறை நிரல்களும் இப்படித்தான். நாய்க்கான நிரலைப் பாதி எழுதி உள்ளே விட்டு வைக்காதீர்கள். எண்ணத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் போதும். விளையாடுவோரிடம் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். வெளியிட்ட பின் இரண்டு மாதம் பொறுத்து, அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் நாயை நினைத்திருக்க, அவர்கள் தனியாக ஆடக் கணிப்பொறியே புலியாக வர வேண்டும் என்று கேட்கலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். முதல் பதிப்பில் நீங்களும் நண்பர்களும் ஆடிச் சேமித்த கோப்புகளில் பத்தையாவது தனியே பத்திரப்படுத்துங்கள். பிறகு எதைச் சேர்த்தாலும், முதலில் அந்தப் பத்தையும் திறந்து பாருங்கள்.