தாண்டாவின் தையலும் பட்டணத்துச் சட்டையும்

கல்வராயன் மலைமேல் அமைந்த கரியாலூரில் தறியோசை கேட்பதில்லை. சாமையும் மரவள்ளியும் பயிரிடும் மலையாளிப் பழங்குடியினரின் நாடு அது. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று அம்மக்களிடையே ஒரு மரபுக்கதை வழங்குகிறது. நெசவுக்குப் பேர்போன நகரை விட்டு வந்தவர்கள் தறியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டனர் போலும்! ஆயினும் இம்மலைத்தொடரின் மேற்கே இறங்கினால், சித்தேரி மலைக்கும் இதற்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், ஆடை வணிகத்தைப் பற்றி மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்க ஒரு முயற்சி நடைபெற்று வருகிறது.

சிட்லிங்கியில் மலையாளிகளோடு லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிப் படைகளுக்கும் சந்தைகளுக்கும் கொண்டுசென்ற வணிகக் கூட்டத்தாரின் வழிவந்தவர்கள் இவர்கள். 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதையும் நல்ல சாலைகளும் வந்தன. பொதிமாட்டு வாணிகம் மறைந்தது. ஆங்காங்கே தங்கியவர்கள் தாண்டா எனப்படும் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டனர். ஊர் ஊராய்ச் சென்ற வாழ்வில் அவர்களுடைய பெண்கள் தம் கலைச்செல்வத்தை உடலிலேயே சுமந்தனர். பாவாடை, ரவிக்கை, முக்காடு ஆகிய மூன்றிலும் வண்ண நூலால் பூவேலை செய்து, கண்ணாடித் துண்டும் சோழியும் நாணயமும் வைத்துத் தைத்தனர். இத்தையலுக்கு எழுதிய பாடநூல் இல்லை. பழந்துணியும் பாட்டியின் விரலுமே நூல்.

பின்னர் அந்த உடை வழக்கொழிந்தது. அது கனமானது, செய்து முடிக்க நெடுநாள் ஆவது, அயலார் வேடிக்கை பார்ப்பதற்கும் இடமளிப்பது. பெண்கள் புடவைக்கு மாறினர். மகளுக்குக் கற்பிக்க வேண்டிய தேவை தாய்க்கு இல்லாமற் போயிற்று. 1993ஆம் ஆண்டில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் சிட்லிங்கியில் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பை நிறுவி, குடிசை ஒன்றில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர்களது துணையுடன் தையலை மீட்கும் முயற்சி எழுந்தபோது, அதனை அறிந்தவர் முதிய பெண்கள் மிகச் சிலரே. அவர்களிடம் இளையோர் கற்றனர். அவ்வாறு உருவான பெண்கள் சங்கத்தின் பெயர் ‘போர்கை’. லம்பாடி மொழியில் அதற்குப் பெருமிதம் என்பது பொருள். நாணத்தால் கைவிட்ட ஒன்றை மீட்டவர்கள் வேறு எந்தப் பெயரைச் சூட்டியிருக்க முடியும்?

இனி வணிகத்திற்கு வருவோம். பட்டணத்தார் சோழி தொங்கும் பாவாடையை உடுத்த மாட்டார். ஆகவே தையல் குர்தாவின் கழுத்துக்கும், சேலை ஓரத்துக்கும், திண்டு உறைக்கும் இடம் மாறியது. இதனைக் கலையின் வீழ்ச்சி என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று தீர்மானிப்பவர் தையற்காரியாக இருக்கும்வரை அது வளர்ச்சியே.

அடுத்தது கூலி. குர்தா ஒன்றின் கழுத்துப் பட்டைக்கு 20 மணி நேரம் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தரகர் ஒருவர் வந்து, ‘உருப்படிக்கு 300 ரூபாய்’ என்கிறார். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றும். மணிக்கணக்கில் வகுத்தால் 15 ரூபாய்தான். ‘வீட்டுவேலைக்கு இடையே செய்வதுதானே’ என்ற பேச்சு இந்த வகுத்தலை மறைத்துவிடுகிறது. உழைத்த நேரத்தை எண்ணி, அதிலிருந்து விலையைக் கட்டி எழுப்புவதே நேர்மையான வணிகத்தின் முதற்படி. சந்தை விலையிலிருந்து கீழே இறங்கி வந்தால், கடைசியில் எஞ்சும் சில்லறையே தைத்தவளுக்குச் சேரும். அமெரிக்காவில் எட்னா ரூத் பைலர் என்னும் அம்மையார் 1946இல் போர்ட்டோ ரிக்கோ பெண்களின் பூவேலைத் துணிகளைத் தம் மோட்டார் வண்டியில் ஏற்றி நேரே விற்கத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். இன்று நியாய வணிகம் எனப்படும் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் அவர்.

வாங்குவோரிடமும் உண்மை பேசவேண்டும். 1958ஆம் ஆண்டு அமெரிக்க வணிகர் ஒருவர் சென்னைக் கட்டத்துணியைப் பெருமளவில் வாங்கினார். அதன் சாயம் சலவையில் கசியும். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும். அந்த எச்சரிக்கை உடுத்துவோருக்கு எட்டவில்லை. நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன, முறையீடுகள் குவிந்தன. பின்பு விளம்பரக்காரர் திறமையாக, ‘நிறம் கசிவதே இதன் சிறப்பு’ என்றனர். துணி மீண்டும் விலைபோயிற்று! இக்கதையைச் சுவையாகச் சொல்வோர் பலர். நெய்தவருக்கு என்ன கிடைத்தது என்று அவர்கள் சொல்வதில்லை.

வடிவத்திற்கு உரியவர் யார் என்பது இன்னும் கடினமான வினா. கருநாடகத்துச் சந்தூரில் லம்பாடிகள் செய்யும் பூவேலை புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அச்சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. அது காப்பது ஊரோடு இணைந்த பெயரை. ஊசியின் போக்கை அன்று. சிட்லிங்கிப் பெண் சந்தூரின் பெயரால் விற்க இயலாது. எங்கோ ஓர் ஆலை, பெயரை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் இயந்திரத்தால் தைத்தால், அதனை இச்சட்டத்தால் தடுப்பதும் அரிது. ஆகையால் யார் தைத்தது, எங்கே, எத்தனை நாளில் என்று துணியோடு சேர்த்து அனுப்பும் சிறு சீட்டே இன்றைக்கு அவர்களுக்குக் கிடைக்கும் கண்கூடான பாதுகாப்பு.

கடைக்காரர் ஒரே அச்சில் வார்த்தாற்போல 500 சட்டைகளைத் தீபாவளிக்கு முன் கேட்பார். இருவர் கை ஒன்றுபோல் ஓடாது. தைப்போர் உழவுக்குடியினராயின், அறுவடையின்போது ஊசி ஓய்ந்துவிடும். நூலுக்கும் துணிக்கும் முன்பணம் கொடுத்து, கதிர் வீடு வந்து சேரும்வரை தவணையையும் நீட்டித் தரும் கடைக்காரரோடுதான் இத்தொழில் நிலைக்கும்.