இடம் சொன்னால் இடர் இல்லை

(இளம் அறிவியல், மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

முகவரி எழுதாத கடிதம் ஊர் போய்ச் சேராது. கணிப்பொறிக்கு இடும் கட்டளைக்கும் இது பொருந்தும் என்பதை மூன்று நாள் அல்லற்பட்ட பின்னரே நான் உணர்ந்தேன். அந்த அனுபவத்தை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

‘சி’ மொழியில் நாம் எழுதுவதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட ஜி.சி.சி. அவற்றுள் புகழ் பெற்றது. ஆனால் சில வேலைகளுக்குச் ‘சி’ மொழியில் சொல்லே கிடையாது. எடுத்துக்காட்டாக, இன்டெல் வகைச் செயலியிடம் ‘நீ யார்?’ என்று வினவ ‘சிபியூஐடி’ என்னும் இயந்திரக் கட்டளை உண்டு. அத்தகைய கட்டளைகளைச் ‘சி’ நிரலின் நடுவிலேயே எழுத வழி செய்வதுதான் ‘இன்லைன் அசெம்பிளி’.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. நாம் எழுதும் அசெம்பிளி வரிகளின் பொருளைக் கம்பைலர் ஆராய்வதில்லை. %0, %1, %2 என்று நாம் விட்ட இடங்களை நிரப்பி, அசெம்பிளரிடம் அனுப்பிவிடும். எந்த மதிப்பு எங்கே இருக்கவேண்டும் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லும் குறிகளே கட்டுப்பாடுகள். ‘ஆர்’ என்றால் பொது ரிஜிஸ்டர்களுள் ஏதேனும் ஒன்று. ‘எம்’ என்றால் நினைவகம். ‘ஐ’ என்றால் மாறா எண். முன்னே = இட்டால் அதில் விடை எழுதப்படும் என்று பொருள்; + இட்டால் அது படிக்கவும்படும், எழுதவும்படும்.

நான் எழுதியவை இரண்டே வரிகள். முதல் எண்ணை விடைக்கு நகர்த்து. இரண்டாம் எண்ணை விடையோடு கூட்டு. எண்கள் இரண்டுக்கும் ‘ஆர்’, விடைக்கு ‘=ஆர்’. 7, 5 கொடுத்தேன், 12 வந்தது. மகிழ்ந்தேன். நிரலில் வேறு சில வரிகள் சேர்த்ததும் அதே எண்களுக்கு 14 வந்தது! ‘கம்பைலரில் பிழை’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதப் போனேன். “எழுதுமுன் கம்பைலர் தந்த அசெம்பிளியைப் படித்துப் பாரப்பா” என்றார் பேராசிரியர்.

படித்தேன், தலை குனிந்தேன். உள்ளீடுகள் அனைத்தும் படிக்கப்பட்ட பிறகே விடை எழுதப்படும் என்பது கம்பைலரின் நம்பிக்கை. 64 பிட் இன்டெல் வகைச் செயலியில்கூடப் பொது ரிஜிஸ்டர்கள் பதினாறுதான் என்று வெகுகாலம் இருந்துவந்தது. ஆகவே சிக்கனம் கருதி, 5 இருந்த ரிஜிஸ்டரையே விடைக்கும் அது ஒதுக்கியிருந்தது. என் முதல் வரி 5ஐ அழித்து 7ஐ வைத்தது. இரண்டாம் வரி 7உடன் 7ஐக் கூட்டியது. ஓர் உறையில் இரண்டு கத்தி!

தீர்வு ஒரே குறிதான். ‘=&ஆர்’ என்று எழுதினால், உள்ளீடுகள் முடியுமுன்பே விடை எழுதப்படும் என்று பொருள். கம்பைலர் தனி ரிஜிஸ்டர் தந்துவிடும். அதனினும் நல்ல வழி ஒன்று உண்டு. விடையில் முதல் எண்ணைச் ‘சி’ மொழியிலேயே இட்டு, அதற்கு ‘+ஆர்’ கொடுத்தால், கூட்டும் வரி ஒன்றே போதும்.

நாம் சொல்லாத நினைவக இடத்தை நம் வரிகள் மாற்றுமானால், இறுதிப் பட்டியலில் ‘மெமரி’ என்று அறிவிப்பதும் நம் கடமையே.

நண்பர்களே! தற்செயலாகச் சரியான விடை வருவது வேறு. நிரல் சரியாக இருப்பது வேறு. முதல் நாள் வந்த 12தான் என்னை ஏமாற்றியது. உண்மையைக் கற்பித்தது 14.