மாத்திரை செய்யும் ஊரில் மாத்திரை தவறுவது ஏன்?

எச்.ஐ.வி. மாத்திரைகளை உலகுக்கு அனுப்பும் அரபிந்தோ, ஹெட்டிரோ, லாரஸ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் தலைமையகம் ஹைதராபாத்தான். அதே ஊரில் காந்தி, உஸ்மானியா அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் இந்த மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. இருந்தும் சிலர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ‘அக்கறை போதாது’ என்று ஊர் சொல்கிறது. இது பாதி விளக்கம்கூட இல்லை என்பேன்.

தவறினால் என்ன ஆகும் என்பதில் ஐயமில்லை. வைரஸ் சில வெள்ளணுக்களின் மரபணுவுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே மருந்து எட்டுவதில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கியதும் வைரஸ் மறுபடி பெருகத் தொடங்கும். பெருகும்போது தன்னைத் தப்பும் தவறுமாகப் படியெடுக்கும். அரைகுறையாக இருக்கும் மருந்துக்கு நடுவே பிழைத்துக்கொள்ளும் படிதான் மருந்துக்கு மசியாத வைரஸாகிறது. நோய் எதிர்ப்புக்கு உதவும் சி.டி.4 அணுக்கள் நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தால் தொடரலாமா என்று ‘ஸ்மார்ட்’ ஆய்வு சோதித்துப் பார்த்தது. நிறுத்தியவர்களிடம் நோயும் மரணமும் கூடின என்று 2006-இல் முடிவு வந்தது. தொடர்ந்து எடுப்பதன் பலனுக்கும் சான்று உண்டு. சென்னையும் புணேயும் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு, முன்கூட்டியே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-இல் காட்டியது.

சரி, விழுங்குவதுதான் கஷ்டமா? 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியா இலவச மருந்தைத் தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது. அன்றைய ஸ்டாவுடின் பாதங்களில் எரிச்சல் தந்தது, கன்னத்துக் கொழுப்பைக் கரைத்தது. மறைக்க நினைத்த நோயை முகமே காட்டிக்கொடுத்தது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்து நாளுக்கு ஒரே மாத்திரை; பக்கவிளைவும் பெரும்பாலோருக்குக் குறைவு. ஆகவே மிச்சமுள்ள தடை மாத்திரைக்கு வெளியே இருக்கிறது. அக்கம்பக்கம் பார்த்துவிடும் என்று உள்ளூர் மையத்தை விட்டுத் தொலைவுக்கு வருபவருக்கு மருந்து இலவசம். பஸ் காசும் அன்றைய கூலியும் அவர் கையைக் கடிக்கும். மாமியார் வீட்டில் டப்பாவை ஒளித்து வைத்திருக்கும் பெண்ணுக்கு, உறவினர் வந்து தங்கும் ஒரு வாரம் போதும், மாத்திரை தவற.

எத்தனை வசதி செய்தாலும் கடைசியில் விழுங்க வேண்டியவர் நோயாளிதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் 2022-இல் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடியவர்கள், மருந்து இருப்பில் இல்லை என்று புகார் சொன்ன நோயாளிகள். அவர்கள் விழுங்கத் தயாராகவே இருந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் மருந்து வழங்குவதை ‘இயன்றவரை’ என்ற சொல்லோடுதான் அரசின் கடமையாக்குகிறது. நோயாளியிடம் மட்டும் நாள் தவறாத ஒழுங்கை எதிர்பார்க்கிறோம். அலைச்சலைக் குறைக்கப் பல மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்தால் மருந்து வீணாகும், ஆள் கண்ணில் படமாட்டார் என்ற அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. புதிதாகத் தொடங்கியவருக்கும், வைரஸ் அளவு அடங்காதவருக்கும் அடிக்கடி வரச்சொல்வது நியாயம். அளவு அடங்கி, உடல் தேறியவருக்குப் பல மாத மருந்தை ஒரே தவணையில் கொடுக்க முடியும் என்பதைக் கொரோனா ஊரடங்கு காட்டியது. அதை நெருக்கடிக்கால சலுகையாக எண்ணுவானேன்?

ஊசி வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இப்போது ஒரு நம்பிக்கை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகபாவிரின் மலிவுப் பதிப்பை ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் தயாரிக்க இருக்கின்றன. 2027 முதல் பல வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டாலர் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. ஆனால் அந்த விலை தொற்று வராமல் தடுப்பதற்கான ஊசிக்கு. ஏற்கெனவே தொற்றுள்ளவருக்கு அது தனியாகப் போதாது, கூட்டு மருந்து வேண்டும். ஊசிக்கும் தேதி உண்டு, அதைப் போட்டுக்கொள்ள அதே பஸ்ஸில்தான் வர வேண்டும்.