சிறையில் நோயுற்றால் செலவு யாருடையது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலங்களின் உட்பிரிவு கவுண்டி எனப்படும். கவுண்டிச் சிறைகளில் இருப்போருள் பெரும்பாலோர் தண்டனை பெற்றவரல்லர், விசாரணையை எதிர்நோக்கியிருப்பவர். அவர்கள் நோயுற்றால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார்?

சிறைப்பட்டோரின் கடும் நோயை வேண்டுமென்றே புறக்கணிப்பது அரசியலமைப்பு விலக்கிய கொடுந்தண்டனையாகும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆதலின், சிறையில் மருத்துவம் அளிப்பது கருணையன்று, கடமை. ஆனால், கடமையை வகுத்த தீர்ப்பு பணத்துக்கு வழி வகுக்கவில்லை.

ஏழைகளின் மருத்துவத்துக்கென 1965ஆம் ஆண்டில் மெடிக்கெய்டு என்னும் திட்டம் எழுந்தது. அதன் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்கின்றன. எனினும், சிறை புகுந்தவருக்குப் பொதுவாக மத்திய அரசின் பங்கு நின்றுவிடும். வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் விலக்கு உண்டு. எஞ்சிய சுமை கவுண்டியைச் சாரும். பல கவுண்டிகளுக்குச் சொத்து வரியே முதன்மையான வருவாய். மனநோய், போதைப் பழக்கம், முதுமை ஆகியவற்றால் மருந்துச் செலவு ஏறுங்கால், சாலைக்கும் நூலகத்துக்கும் உரிய பணம் சுருங்க நேரும்.

2023ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்கு ஒரு வழி திறந்தது. விடுதலைக்கு முந்திய 90 நாள் வரை, குறிப்பிட்ட மருத்துவ உதவிகளுக்கு மெடிக்கெய்டுப் பணத்தைப் பயன்படுத்த அம்மாநிலம் முதன்முதலாக அனுமதி பெற்றது. இதன் காரணம் எளிது: விடுதலையாகிறவர் ஊருக்கே திரும்புகிறார், தீராத நோயும் அவருடன் திரும்புகிறது. சிறைக்குள் மிச்சம் பிடித்த பணத்தை ஊர் மருத்துவமனை வட்டியுடன் கேட்கும்.