நாலு மணிப் பொட்டலம்

சிவகாசியில் அச்சகமோ பட்டாசுக் கம்பெனியோ, முன்பெல்லாம் நாலு மணியானால் ஆபீஸுக்கு டீக்கடைப் பையன் வருவான். டீயோடு ஒரு பொட்டலமும் வரும். சில நாள் பருப்பு வடை, சில நாள் சாத்தூர்க் காராச்சேவு. கணக்குப்பிள்ளை பேரேட்டை ஓரமாகத் தள்ளி இடம் கொடுப்பார். பிரித்த தாள்தான் தட்டு. பூண்டும் வற்றலும் மணக்கும் சேவை அள்ள நாலு பக்கமும் கை நீளும். மடிப்பில் தங்கிய தூளையும் ஒருவர் உள்ளங்கையில் தட்டி வாயில் போட்டுக்கொள்வார். மீதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது அதே ஆபீஸ்களில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, மீதியும் வந்துவிட்டது. யாருக்கோ பிறந்தநாள், யார் வீட்டிலோ காதுகுத்து என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பா வந்து இறங்கும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். முதல் அரை மணி நேரம் நல்ல மரியாதைதான். மறுநாள் கால் டப்பா. மூன்றாம் நாள் ஒரு கரண்டி. அந்தக் கடைசிக் கரண்டியை யாரும் தொடமாட்டார்கள். தொட்டவர் டப்பாவைக் கழுவ வேண்டுமே! பாதி எடுத்து, அந்தப் பாதியில் பாதி எடுத்து, ஓரத்தில் கொஞ்சம் விட்டு மூடிவைப்பார்கள். "நமக்கு சுகர், வேண்டாம்ணே" என்று எல்லார் முன்னும் கையெடுத்துக் கும்பிட்டவர், மூன்று மணிக்கு வாயைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வருவார். காராச்சேவும் பொதுச்சொத்தாக இல்லை. அவரவர் டிராயரில் அவரவர் பாக்கெட்.

இதெல்லாம் ஆபீஸ் கதை. 1923-ல் தீப்பெட்டித் தொழில் கால்வைத்த இந்த ஊரில், பட்டாசு ஆலைக்குள் தின்பண்டத்தின் கதை வேறு. மருந்து புழங்கும் அறையில் தின்னக் கூடாது. அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த விரல் லேசில் வெளுக்காது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கத் தடை விதித்த பேரியம் நைட்ரேட் வயிற்றுக்குள் போனால் விஷம். 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 பேருக்கு மேல் வேலைசெய்தால் சாப்பாட்டு அறையும், 250-ஐத் தாண்டினால் கேன்டீனும் கேட்டது. சின்ன ஆலைகளில் வேப்பமரம்தான் இரண்டும்.

ஆயுத பூஜையன்று ஆலையில் பொரி, கடலை, லட்டு கொடுப்பார்கள். பெண்கள் பொரியை மட்டும் அங்கேயே கொறித்துவிட்டு, லட்டை முந்தானையில் முடிந்து பிள்ளைகளுக்குக் கொண்டுபோவார்கள். இன்று முந்தானை முடிச்சுக்குப் பதில் டிபன் பாக்ஸ். லட்டு மட்டும் பழையபடி வீட்டுக்குத்தான் போகிறது. பீஸ் ரேட்டில் திரி வைக்கும் கைக்கு நாலு மணிப் பொட்டலம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆபீஸில் பால்கோவா மூன்று நாள் கிடந்து புளிப்பு தட்டிய பிறகுதான் "அதை வாட்ச்மேன்ட்ட குடுத்துரு" என்ற தாராளம் பிறக்கிறது. அதை மரியாதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டப்பாவைப் பிரிக்கும்போதே ஒரு பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். சாயங்காலம் ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஊர்களுக்கு வேன் கிளம்புமுன் அதில் ஏறுகிறவர்கள் கையில் கொடுங்கள்.